பேட்டரி கார் பின் டயர் பஞ்சர்: நாமே கழற்றலாமா?

மாந்தோப்பு வீடு கேட்டது:

வணக்கம். அழகர்கோவில் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பும், வெளியூர் ஆட்கள் வந்து தங்க நாலு அறைகளும் இருக்கின்றன. கேட்டிலிருந்து வீடு வரை மண் பாதை. வருகிறவர்களின் பெட்டிகளை ஏற்றவும், முழங்கால் வலிக்கார அம்மாவைத் தோப்புக்குள் ஒரு சுற்று அழைத்துப் போகவும் பழைய பேட்டரி கார் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறோம். கோல்ஃப் மைதானத்தில் ஓடுமே, அந்த வகை. இன்று காலையில் பார்த்தால் இடது பின் டயர் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது.

பஞ்சர் கடைக்கு போன் செய்தேன். "வண்டியக் கொண்டு வந்துருங்கக்கா, ஒட்டித் தர்றேன்" என்கிறார். கடை மெயின் ரோட்டில், வண்டி தோப்பின் கடைசியில். எப்படிக் கொண்டு போவது? ஸ்டெப்னி கிடையாது, ஜாக்கியும் தரவில்லை. வீட்டில் ஆல்ட்டோ இருக்கிறது. அதன் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் போதுமா? சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள்.

இன்னொன்று. டயரே போய்விட்டால் ஆட்டோ டயரை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், இரண்டுக்கும் 8 இஞ்ச் ரிம்தான் என்று எங்கள் தோட்டக்காரர் அடித்துச் சொல்கிறார். சரியா?

திருநகர்வாசி எழுதியது:

ஜாக்கி எதற்கு? சின்ன வண்டிதானே. நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு பக்கம் தூக்கச் சொல்லி, அடியில் செங்கல் அடுக்கிவிடுங்கள். அஞ்சு நிமிட வேலை.

பழைய டிப்போக்காரன் எழுதியது:

திருநகர் தம்பி, செங்கல் யோசனையைக் கைவிடுங்கள். பார்க்கத்தான் சின்ன வண்டி. சீட்டைத் தூக்கிப் பாருங்கள், 48 வோல்ட் வண்டியாக இருந்தால் பெரும்பாலும் 8 வோல்ட் பேட்டரி ஆறு இருக்கும். ஒவ்வொன்றும் முப்பது கிலோவை ஒட்டி வரும். வண்டி மொத்தம் 400 கிலோவைத் தாண்டும். அந்தப் பேட்டரிகளில் ஆசிட் வேறு தளும்பிக்கொண்டிருக்கும். செங்கல் நொறுங்கினால் விரலோ காலோ போய்விடும்.

தாயி, நான் பஸ் டிப்போவில் டயர் செக்‌ஷனில் இருந்தவன். இப்போது ஒரு காலேஜில் பேட்டரி வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்களே தாராளமாகக் கழற்றலாம். நாலே நட்டு. ஆனால் கழற்றுவதற்கு முன்னால் அதற்கு அவசியம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் பக்கம் சீமைக் கருவேலம் இல்லாத வேலியே கிடையாது. பத்துக்கு எட்டு பஞ்சர் அந்த முள்தான். இந்த டயர்களெல்லாம் டியூப்லெஸ். கால் பம்பு இருந்தால் காற்றை ஏற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டு டயரைச் சுற்றித் தடவுங்கள். வண்டியை அரைச் சுற்று நகர்த்தி அடிப்பக்கத்தையும் பாருங்கள். நுரை பொங்குகிற இடத்தில் முள் ஒடிந்து, தலை மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தரையில் படுகிற பகுதியாக இருந்தால் பஞ்சர் கிட்டில் வருகிற ரப்பர் திரியைச் சொருகி, வண்டி நின்ற இடத்திலேயே முடித்துவிடலாம். பக்கச் சுவரில் குத்தியிருந்தால் திரி வேண்டாம், நிற்காது. காற்றே ஏறவில்லை, ரிம்மை விட்டு டயர் விலகிவிட்டது என்றால்தான் கழற்றுகிற வேலை.

கழற்றுவதானால் இப்படி. சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் "ரன் – டோ" (ஓட்ட – இழுக்க) என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதை டோவில் வையுங்கள். காற்று இல்லாத வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளவேண்டி வந்தாலும் டோவில் இருக்கவேண்டும், இல்லையென்றால் மோட்டார் பிடித்து இழுக்கும். பேட்டரி திறந்திருக்கும்போது அதன் மேல் ஸ்பேனரை வைக்காதீர்கள். இரண்டு முனையையும் தொட்டுவிட்டால் வெல்டிங் போலப் பொறி பறக்கும். கையில் வளையல், மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். பார்க்கிங் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் முன் சக்கரங்கள் சுதந்திரமாகச் சுற்றும். நீங்கள் தூக்கப்போவதோ பின் சக்கரத்தை. ஒன்றைத் தூக்கினால் பிடிமானம் பாதி. நடுவில் ஜாக்கி கொடுத்து இரண்டையும் தூக்கினால் பிடிமானமே இல்லை, வண்டி பாட்டுக்கு நகர்ந்து ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும். அதனால் சமதரைக்குக் கொண்டுவந்து, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தென்னை மட்டை பத்தாது, நல்ல மரக்கட்டையாகப் பாருங்கள்.

ஆல்ட்டோ ஜாக்கி போதும். நட்டு முக்கால் இஞ்ச், ஆல்ட்டோ ஸ்பேனர் 19 எம்.எம்., இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கச்சிதமாக உட்காரும். மண் தரை என்பதால் ஜாக்கிக்கு அடியில் பலகை ஒன்று போடுங்கள். ஜாக்கியைக் கொடுக்கவேண்டிய இடம் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆக்சில் குழாய், அல்லது சேஸ் இரும்பு. பேட்டரித் தட்டு, மோட்டார், நடுவில் உருண்டையாக இருக்கும் கியர் பெட்டி இவற்றில் கொடுக்கவே கூடாது.

டயர் தரையில் இருக்கும்போதே நாலு நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் தூக்குங்கள். சக்கரத்தைக் கழற்றியதும், நான் எப்போதும் செய்கிற மாதிரி, சேஸுக்கு அடியில் ஒரு கட்டையைத் தள்ளி வையுங்கள். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி கட்டையில்தான் உட்காரும். கையை உள்ளே விடாதீர்கள்.

கழற்றிய சக்கரம் லேசுதான், ஸ்கூட்டர் முன்னால் வைத்துக் கடைக்குக் கொண்டு போய்விடலாம். டயரை ரிம்மிலிருந்து பிரிக்கிற வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். கடப்பாரையை விட்டு நெம்பினால் டயரின் உதடு, அதாவது ரிம்மில் உட்காரும் விளிம்பு, கிழிந்து நல்ல டயரும் வீணாகும்.

தோட்டக்காரர் சொன்னதில் பாதி சரி. ஆட்டோவுக்கு 4.00-8, உங்களுக்கு அநேகமாக 18×8.50-8. இரண்டிலும் கடைசியில் இருக்கிற 8 ரிம்மின் விட்டம். அகலத்தைப் பாருங்கள். ஒன்று 4 இஞ்ச், இன்னொன்று எட்டரை. ஆட்டோ டயர் இந்த ரிம்மில் உட்காராது. ஆட்டோ டியூபைத் திணித்துச் சமாளிக்கலாம் என்று கடையில் யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

மேலூர் காற்று எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. நான் ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். இந்த அகல டயரில் ஒட்டிய பிறகு காற்று பிடிக்க வைப்பதுதான் பாடு. டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் இடைவெளி இருந்து, அடிக்கிற காற்றெல்லாம் வெளியே போய்விடும். தரையில் படுகிற பகுதியின் நடுவில் கயிற்றைச் சுற்றி, ஒரு கம்பியை விட்டு முறுக்கினால் டயர் இறுகி உதடு வெளியே தள்ளும். சோப்புத் தண்ணீர் தடவி அப்போது காற்று அடித்தால் டப்பென்று உட்கார்ந்துவிடும். உட்கார ஆரம்பித்ததும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். பெட்ரோல் தெளித்துப் பற்ற வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்கிற கடையாக இருந்தால் சக்கரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் அக்கா.

காற்று 20 பாயிண்ட் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பையன் பழக்கத்தில் கார் கணக்குக்கு 32, 35 என்று ஏற்றிவிடுவான், மண் பாதையில் தூக்கித் தூக்கிப் போடும். அதிகபட்சம் எவ்வளவு என்பது டயரின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும்.

மாந்தோப்பு வீடு எழுதியது:

நன்றி அண்ணே, மேலூர் தம்பிக்கும் நன்றி. பம்பு அடித்துப் பார்த்தேன், காற்று நிற்கவே இல்லை. அதனால் நானும் தோட்டக்காரருமாகக் கழற்றிவிட்டோம். கட்டை கொடுக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று, எங்கள் "சமதரை" அவ்வளவு சமம் இல்லை. மூன்று நட்டு சுலபமாக வந்தது, நாலாவதுக்கு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம்.

கடையில் தொட்டியில் அமுக்கிப் பார்த்ததில் முள் இரண்டு. அது போக வால்வின் அடியிலிருந்தும் குமிழி வந்தது. வால்வ் ரப்பர் வெடித்திருக்கிறது. இதற்கென்று தனி வால்வ் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டுமா? நட்டு ஒன்றும் முனை மழுங்கிவிட்டது, ஆல்ட்டோ நட்டு போடலாமா?

பழைய டிப்போக்காரன் எழுதியது:

வால்வுக்கு அலைய வேண்டாம். கார் டியூப்லெஸ் டயருக்குப் போடுகிற சாதாரண டி.ஆர். 413 தான் இதற்கும். எல்லாப் பஞ்சர் கடையிலும் இருக்கும், அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

நட்டு விஷயம் வேறு. ஆல்ட்டோ நட்டு 12 எம்.எம். மரை. உங்கள் வண்டியின் போல்ட்டு பெரும்பாலும் அரை இஞ்ச், அதாவது 12.7. ஸ்பேனர் பொருந்துகிறதே என்று முறுக்கினால் போல்ட்டின் மரை போய்விடும். பழைய நட்டையே கையில் எடுத்துக்கொண்டு போய் போல்ட் நட்டுக் கடையில் காட்டி, அதே மரையில், ஒரு முனை கூம்பாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது அந்தக் கூம்பு ரிம்மைப் பார்த்து இருக்கவேண்டும். முதலில் நாலையும் கையாலேயே ஏற்றிவிட்டு, எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. கை பலம் போதும், ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள். தோப்பை நாலு சுற்று சுற்றி வந்ததும் இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

அப்படியே வலது பின் டயருக்கும் சோப்புத் தண்ணீர் தடவிவிடுங்கள் தாயி. அதே பாதையில்தானே அதுவும் ஓடியிருக்கிறது.