ஆக்டிவிஷன் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போயாச்சு, பிஎஸ்5-ஐ விற்றுவிடலாமா?

வார்ஸோன்_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல், இருக்கிறது. விளையாடுவது பெரும்பாலும் கால் ஆஃப் டூட்டிதான். எங்கள் குரூப்பில் ஒருத்தன், "கால் ஆஃப் டூட்டி செய்யும் ஆக்டிவிஷன் இப்போது மைக்ரோசாஃப்ட் கையில். இன்னும் கொஞ்ச நாளில் பிளேஸ்டேஷனுக்கு கால் ஆஃப் டூட்டி வராது. நல்ல விலை போகும்போதே தள்ளிவிட்டு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் வாங்கு" என்று நச்சரிக்கிறான். ஸ்டார்ஃபீல்ட் கேம் வெளியானபோது பிளேஸ்டேஷனுக்கு வராததை உதாரணம் காட்டுகிறான். 6,870 கோடி டாலர் கொட்டி வாங்கியவன் போட்டிக்காரனுக்கு எதற்குச் சரக்கு கொடுப்பான் என்று அவன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

சைலன்ட்_ஸ்னைப்பர்:
விற்காதே ப்ரோ. பத்து வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். டயப்லோ அண்ணன் வருவார், விளக்கமாகச் சொல்வார்.

டயப்லோ_கிழவன்:
வந்துட்டேன். தம்பி, விற்காதே. ஆனால் உன் நண்பனின் கேள்வியில் தப்பில்லை. 2022 ஜனவரி 18-ஆம் தேதி இந்த அறிவிப்பு வந்தபோது உலகமே அவனைப் போலத்தான் கணக்குப் போட்டது. பங்கு ஒன்றுக்கு 95 டாலர், அதாவது அன்றைய சந்தை விலையைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதல். மறுநாள் டோக்கியோவில் சோனி பங்கு 13 சதவீதம் போல விழுந்தது. பயப்படக் காரணமும் இருந்தது. அதற்கு முன்பு 750 கோடி டாலருக்கு, ஸ்டார்ஃபீல்ட் செய்த பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை வாங்கியிருந்தார்கள். அதன் பிறகு ரெட்ஃபால், ஸ்டார்ஃபீல்ட் இரண்டும் எக்ஸ்பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் வந்தன.

ஆனால் ஸ்டார்ஃபீல்ட் தனியாக உட்கார்ந்து விளையாடுகிற கேம். கால் ஆஃப் டூட்டியின் வார்ஸோன் அப்படியா? விளையாட்டு இலவசம், காசு வருவது ஸ்கின் என்ற அலங்காரங்களிலும், பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸிலும். அதற்குக் கூட்டம் வேண்டும். நீயும் எக்ஸ்பாக்ஸ்காரனும் கம்ப்யூட்டர்காரனும் ஒரே மேட்சில் இறங்குகிறீர்கள். பிளேஸ்டேஷன் ஆட்களை வெளியே தள்ளினால் மைக்ரோசாஃப்டின் சொந்த வாடிக்கையாளனுக்கே மேட்சுக்கு ஆள் சேர நேரமாகும். பிளேஸ்டேஷனில் விற்கும் ஒவ்வொரு கால் ஆஃப் டூட்டியிலும் சோனி தன் பங்கை எடுத்துக்கொண்டாலும் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டுக்குத்தான் போகிறது. அந்த வருமானத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

அமெரிக்க வணிக ஆணையம், அதான் எஃப்டிசி, தடை கேட்டு வழக்குப் போட்டது. 2023 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் நடந்த விசாரணையைத் தினமும் படித்தேன். எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் கூண்டில் நின்று, பிளேஸ்டேஷனுக்குக் கால் ஆஃப் டூட்டி தொடர்ந்து வரும் என்று சத்தியம் செய்தார். ஜூலையில் நீதிபதி ஜாக்குலின் ஸ்காட் கார்லி தடை கொடுக்க மறுத்துவிட்டார். சில நாளிலேயே சோனி கையெழுத்துப் போட்டது. 10 ஆண்டு, கால் ஆஃப் டூட்டி மட்டும். "மட்டும்" என்பதை மனதில் வை. ஆக்டிவிஷனின் மற்ற கேம்களான டயப்லோவும் ஓவர்வாட்சும் அந்தக் காகிதத்தில் இல்லை. ஆனால் அவை பிளேஸ்டேஷனில் நன்றாகவே ஓடுகின்றன.

அடுத்தது, எதற்காக வாங்கினார்கள்? எல்லாரும் கால் ஆஃப் டூட்டியையே பார்த்தார்கள். ஆக்டிவிஷனுக்குள் கிங் என்றொரு கம்பெனி இருக்கிறது. 2016-இல் 590 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் வாங்கியது, கேண்டி க்ரஷ் அவர்களுடையது. அதுவரை மைக்ரோசாஃப்டுக்குக் கைபேசிப் பக்கம் பெரிய பலம் கிடையாது. என் வீட்டில் கன்ட்ரோலரையே தொடாதவள் என் மனைவி. ராத்திரி பத்து மணிக்கு மேல் கேண்டி க்ரஷ் இல்லாமல் தூக்கம் வராது. இப்போது அவளும் மைக்ரோசாஃப்ட் கேமர்தான். சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

இன்னொரு வேடிக்கை. இந்த வியாபாரம் கவிழப் பார்த்தது கன்சோல் சண்டையால் அல்ல. 2023 ஏப்ரலில் பிரிட்டனின் போட்டி ஆணையம் தடுத்தபோது சொன்ன காரணம் கிளவுட் கேமிங், அதாவது கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓட நாம் நெட் வழியே விளையாடுவது. அப்போது நம் ஊரில் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் சேவையே கிடையாது! கடைசியில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே ஆக்டிவிஷனின் அன்றைய கேம்களுக்கும் அடுத்த 15 ஆண்டில் வரும் கேம்களுக்கும் கிளவுட் உரிமையை யூபிசாஃப்ட் என்ற இன்னொரு கேம் கம்பெனிக்குக் கொடுத்து, 2023 அக்டோபர் 13 அன்று முடித்தார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. ஆக்டிவிஷன் பிறந்த கதை தெரியுமா? 1979. அடாரி கன்சோல் கொடிகட்டிப் பறந்த காலம். அங்கே கேம் எழுதிய டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் நால்வருக்கும் ஒரே கடுப்பு. தாங்கள் எழுதிய கேம் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறது, பெட்டியில் பெயர் கூடக் கிடையாது. வெளியே வந்து, கன்சோல் செய்யாமல் கேம் மட்டும் செய்யும் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு தொழிலே அதற்கு முன் இல்லை. அடாரி வழக்குப் போட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. இவர்கள் கேம் எழுதியவர் பெயரைப் பெட்டியில் அச்சடித்து விற்றார்கள். கிரேன் எழுதிய பிட்ஃபால் 1982-இல் சக்கைப்போடு போட்டது. கன்சோல்காரனிடமிருந்து தப்பி வந்தவர்கள் தொடங்கிய கம்பெனி, 44 வருஷம் கழித்து ஒரு கன்சோல்காரன் பையில்.

சரி, உள்ளே போனவர்கள் என்ன ஆனார்கள்? 2024 ஜனவரி, வாங்கி மூன்று மாதம்தான் தாண்டியிருந்தது, மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது. ஆக்டிவிஷனோடு சேர்ந்த பிளிசார்டில் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்த சர்வைவல் கேமைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். மே மாதம் பெதஸ்டா பக்கம் ஆர்கேன் ஆஸ்டினையும் டாங்கோ கேம்வொர்க்ஸையும் மூடினார்கள். டாங்கோ செய்த ஹை-ஃபை ரஷ் விளையாடியிருக்கிறாயா? பாட்டின் தாளத்துக்கு அடிக்கும் கேம். அவ்வளவு பாராட்டு வாங்கியது. அதைச் செய்தவர்களுக்கே கதவடைப்பு. பிறகு டாங்கோவை எடுத்துக்கொண்டது கிராஃப்டன், நம்ம பிஜிஎம்ஐ கைபேசி கேம்காரர்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவ்வளவு சண்டை நடந்தது, அத்தனையும் கேம் எதில் ஓடும் என்பதற்காக. கேம் செய்கிறவர்களுக்கு 10 ஆண்டு ஒப்பந்தம் யாரும் எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை_77:
அண்ணே, கொஞ்சம் நிதானம். ஆட்குறைப்பு எல்லா இடத்திலும்தான். 2024 பிப்ரவரியில் சோனி சுமார் 900 பேரை அனுப்பியது, லண்டன் ஸ்டுடியோவை மூடியது. சோனி 360 கோடி டாலருக்கு வாங்கிய பஞ்சி ஸ்டுடியோவிலும் அதே கதை. தவிர, பழைய ஆக்டிவிஷன் ஒன்றும் கோயில் இல்லை. பெண் ஊழியர்களை நடத்திய விதத்துக்காக 2021-இல் கலிஃபோர்னியா அரசே வழக்குப் போட்டது. 1991 முதல் நாற்காலியை விடாமல் இருந்த ஆக்டிவிஷன் தலைவர் பாபி கோட்டிக் வெளியே போனதே இந்த வியாபாரத்தால்தான். நல்லதையும் சொல்லுங்கள்.

டயப்லோ_கிழவன்:
கோட்டிக் போனதற்கு நான் கண்ணீர் விடவில்லை பிள்ளை. சோனியைப் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆக்டிவிஷன் தனியாகவே இயங்கும் என்ற தோரணையில் மைக்ரோசாஃப்ட் நீதிமன்றத்தில் பேசியது. 1,900 பேர் போனதும் எஃப்டிசி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இதைக் கடிதமாகவே எழுதியது. ஆக்டிவிஷன் முன்பே ஆட்குறைப்புக்குத் திட்டம் போட்டிருந்தது என்று மைக்ரோசாஃப்ட் பதில் சொன்னது. இருக்கலாம். 2025 மே மாதம் மேல்முறையீடும் தோற்று, எஃப்டிசி வழக்கையே விட்டுவிட்டது. அதோடு முடிந்தது.

நல்லது சொல்லச் சொன்னாய். கால் ஆஃப் டூட்டியின் பிளாக் ஆப்ஸ் 6 வெளியான நாளிலேயே எக்ஸ்பாக்ஸின் மாதச் சந்தாவான கேம் பாஸில் வந்தது, அது நல்லதுதான். ஆனால் 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் மாதம் 14.99 டாலராக இருந்த கேம் பாஸ் அல்டிமேட் சந்தா, 2025 அக்டோபரில் 29.99 ஆகிவிட்டது. இரண்டு மடங்கு. கொடுத்த 6,870 கோடியை எங்கேயாவது எடுக்க வேண்டுமே.

வார்ஸோன்_வாசி:
அண்ணே, ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம். 10 ஆண்டு என்றால் 2033 வாக்கில் முடியும். அப்புறம்?

டயப்லோ_கிழவன்:
அப்போது உன் பிஎஸ்5 பரணில் இருக்கும் தம்பி. அதற்குள் நிலைமையே தலைகீழாகிவிட்டது. எக்ஸ்பாக்ஸின் செல்லப்பிள்ளை ஃபோர்ஸா ஹொரைசன் 5, 2025 ஏப்ரலில் பிஎஸ்5-க்கு வந்துவிட்டது. மே மாதம் டூம்: தி டார்க் ஏஜஸ் முதல் நாளே பிளேஸ்டேஷனில். இதற்கெல்லாம் அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எக்ஸ்பாக்ஸ் பெட்டி போதுமான அளவு விற்கவில்லை, பிளேஸ்டேஷன்காரர்கள் காசு கொடுக்கத் தயார், அவ்வளவுதான். உன் நண்பனிடம் ஃபோர்ஸா விஷயத்தை மட்டும் சொல், என்ன சொல்கிறான் பார்ப்போம்.

எக்ஸ்பாக்ஸுக்கென்று பணம் ஒதுக்கியிருந்தால் அதில் ஒரு பங்குக்கு, கூடுதல் சேமிப்பிடத்துக்கான எம்.2 எஸ்எஸ்டி வாங்கி பிஎஸ்5-இல் போடு. கால் ஆஃப் டூட்டி இருக்கிற இடத்தையெல்லாம் தின்றுவிடும். சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் இருப்பதாகப் பார்த்து வாங்கு.