ஆஸ்டின்ல வீடு: ஒரு லிஸ்ட்ல ஏறுது, இன்னொண்ணுல விழுது. வெள்ளிக்குள்ள முடிவு சொல்லணும்

புதுசா_வந்தவன்:
வணக்கம். டெக்சாஸ் வந்து மூணு வாரம் ஆச்சு. கம்பெனி குடுத்த ஹோட்டல் ரூம் வெள்ளிக்கிழமையோட முடியுது. யு.எஸ். நியூஸ் பத்திரிகையோட 'வாழச் சிறந்த ஊர்' லிஸ்ட்ல ஆஸ்டின் 2019-ல முதல் இடம், 2023-ல 40, 2024-ல 9. ஒரு பத்திரிகை வேகமா வளர்ற ஊருங்குது, இன்னொண்ணு விலை சரியுற ஊருங்குது. ரெண்டும் ஒரே ஊர்தானா? தூக்கமே வரல. வாங்கறதா, வாடகைக்குப் போறதா?

ரவுண்ட்ராக்_மாமா:
தம்பி, முதல்ல கார் வாங்குங்க. நான் 2014-ல வந்தப்ப ஆறு மாசம் கார் இல்ல. ஆகஸ்ட் வெயில்ல, நடைபாதையே இல்லாத ரோட்டோரமா, ஒரு கைல கேலன் பால், தோள்ல அரிசி மூட்டை. வீடு வந்து சேர்றதுக்குள்ள கேன் கைப்பிடி விரல்ல கோடு போட்டிருக்கும். லிஸ்ட்ல எத்தனாவது இடம்னு அப்ப யாரு பாத்தா!

லியாண்டர்வாசி:
இப்பவே வாங்குங்க. விலை இறங்கியிருக்கு, பில்டர்கள் வட்டியைக் கொறைச்சுத் தர்றாங்க. வாடகை அடுத்தவன் பாக்கெட்டுக்குத்தான் போகும்.

உச்சத்துல_வாங்கினவ:
வேண்டவே வேண்டாம். 2021 தொடக்கத்துல ஸில்லோங்கற வீடு விக்கற வெப்சைட் 'இந்த வருஷம் ஆஸ்டின்தான் ஹாட்டான மார்க்கெட்'னு சொல்லுச்சு. அதைப் படிச்சுப் படிச்சே பயந்து, 2022-ல கேட்ட விலைக்கு மேல போட்டுக் குடுத்து வாங்கினோம். ஆஸ்டினும் சுத்து ஊரும் சேந்த மெட்ரோல நடுத்தர வீட்டு விலை (மீடியன்) அப்ப 5.5 லட்சம் டாலர். அப்புறம் கிட்டத்தட்ட ஒரு லட்சம் இறங்கிருச்சு. இப்ப வித்தா கைக்காசு போகும்.

லியாண்டர்வாசி:
மேடம், நீங்க உச்சத்துல வாங்கினதுக்கு அவர் ஏன் ஹோட்டல்லயே கெடக்கணும்?

உச்சத்துல_வாங்கினவ:
மாநில வருமான வரி இல்லன்னு சொல்லித்தானே எல்லாரையும் இங்க இழுக்குறாங்க? சொத்து வரி ரெண்டு சதவீதம் பக்கம். புது லேஅவுட்னா தண்ணி, சாக்கடைக்குப் போட்ட கடனுக்காக மட் வரி தனி. அதையும் சேத்துச் சொல்லுங்க.

ரவுண்ட்ராக்_மாமா:
ரோட்டுக்குக் கட்டற டோலை விட்டுட்டீங்க. 2021 பிப்ரவரி பனிப்புயல்ல கரண்ட் போய், பனியை உருக்கி டாய்லெட்டுக்கு ஊத்தினதையும். ஜனவரில சீடர் மரத்து மகரந்த அலர்ஜி வேற.

எண்ணிப்பாக்குறவ:
புலம்பல் அப்புறம். அவர் கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல. லிஸ்ட்டுங்க முட்டிக்கறதுக்குக் காரணம், எல்லாம் ஒண்ணையே அளக்கறதில்ல. 'வளருது'ங்கறவங்க பெரும்பாலும் அஞ்சு கவுண்டி சேந்த மெட்ரோ ஜனத்தொகையைச் சொல்றாங்க. 2010-லேர்ந்து 2020 வரைக்கும் அது மூணுல ஒரு பங்கு ஏறுச்சு. 'விழுது'ங்கறவங்க 2022 உச்சத்தோட ஒப்பிடறாங்க. அதே விலையை 2019-ஓட வச்சா இன்னும் எவ்வளவோ மேல. 'வாழச் சிறந்த ஊர்' லிஸ்ட் வேலை, வீட்டுச் செலவு எல்லாத்துக்கும் ஒரு மார்க் போட்டுக் கூட்டற சமாச்சாரம். அப்புறம், டெக்சாஸ்ல விற்ற விலையை அரசாங்கத்துக்குச் சொல்லணும்னு சட்டமே இல்ல. வெப்சைட்ல வீட்டுக்குப் பக்கத்துல போட்டிருக்கிற மதிப்பு ஊகம்தான்.

வாடகை குறைஞ்சது மட்டும் நிஜம். ஆள் வரத்து நிக்கல, அதைவிட அதிகமா அபார்ட்மெண்ட் கட்டிட்டாங்க. சரி தம்பி, ஆபீஸ் எங்க? விசா என்ன? எத்தனை வருஷம் இருப்பீங்க?

புதுசா_வந்தவன்:
மன்னிக்கணும் அக்கா, சொல்ல மறந்துட்டேன். ஆபீஸ் வடக்கு ஆஸ்டின்ல டொமைன்ங்கற ஏரியா பக்கம். எச்1பி. ப்ராஜெக்ட் 14 மாசம்தான், நீளுமான்னு தெரியாது. மனைவியும் ஏழு வயசுப் பையனும் ஜூன்ல வர்றாங்க.

லியாண்டர்வாசி:
14 மாசமா?! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன. நான் சொன்னதை மறந்துடுங்க.

எண்ணிப்பாக்குறவ:
வாங்கற பேச்சே வேண்டாம். வாங்கற செலவு, விக்கற கமிஷன்லயே கையைச் சுட்டுக்குவீங்க. வாடகைக்கு 'ரெண்டு மாசம் இலவசம்'னு நெறைய இடத்துல போர்டு தொங்கும். 1,800 டாலர் வீடு, 12 மாச லீஸ்னா நீங்க கட்டறது 18,000. மாசத்துக்கு 1,500 விழும். விளம்பரத்துல 1,500-னே போட்டிருப்பாங்க. ஆனா புதுப்பிக்கறப்ப 1,800-லேர்ந்துதான் பேச்சு ஆரம்பிக்கும். நடுவுல காலி பண்ணா அந்த இலவசத்தைத் திருப்பிக் கேக்கற ஷரத்து இருக்கும், கையெழுத்துக்கு முன்னால தேடிப் பாருங்க. குப்பை, பூச்சி மருந்து, பார்க்கிங் தனி. கிரெடிட் ஹிஸ்டரி இல்லாததால டெபாசிட் கூடக் கேப்பாங்க. ஆஃபர் லெட்டர், பாஸ்போர்ட், விசா பிரதி கைல இருக்கட்டும். பையன் ஸ்கூல் எந்த ஐ.எஸ்.டி.ல, அதாவது எந்தப் பள்ளி மாவட்டத்துல வருதுன்னு அட்ரஸை வச்சுப் பாருங்க, தபால் ஊர்ப் பேரை நம்பாதீங்க.

புதுசா_வந்தவன்:
14 மாச லீஸ் கேட்டா குடுப்பாங்களா? வெள்ளிக்குள்ள நாலு இடம் பாக்கணும், கார் வேற இல்ல.

எண்ணிப்பாக்குறவ:
கேளுங்க, பல இடத்துல உண்டு. மாச வாடகை கொஞ்சம் மாறும்.

ரவுண்ட்ராக்_மாமா:
அதான் முதல்லயே கார்னு சொன்னேன். வியாழன் எனக்கு லீவு. காலைல ஒன்பதுக்கு ஹோட்டல் வாசல்ல நில்லுங்க தம்பி. மேக்கால பாத்த ஜன்னல் மட்டும் வேண்டாம், ஏசி பில் கட்டி மாளாது.