அடிபடாத ரத்தக்கட்டுக்கு எஸ் கோடா, எம் கோடா?

கேள்வி (சார்ட்டோடு மல்லுக்கட்டுபவள்):
உள்நோயாளி சார்ட், ஐசிடி-10-சிஎம் (நோய்களுக்குக் கோடு போடும் அமெரிக்க முறை). 74 வயதுப் பெண், வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) எடுப்பவர். விடாத இருமலுக்குப் பிறகு வயிற்றில் வலியும் வீக்கமும். சிடி ஸ்கேனில் ரெக்டஸ் ஷீத் ஹிமட்டோமா (வயிற்றுத் தசை உறைக்குள் ரத்தக்கட்டு), ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்பதன் அளவு) 5.8. விழவில்லை, அடிபடவில்லை என்று மருத்துவரே எழுதியிருக்கிறார். ஆனால் என்கோடரில் (கோடு தேடும் மென்பொருள்) ஹிமட்டோமா என்று தட்டினால், கன்டியூஷன் (கன்றிய காயம்) வழியாக, காயங்களுக்கான எஸ் 30.1 வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டரும் "இருமினால் தசை கிழியாதா, அதுவும் காயம்தானே" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில் (பழைய கோடர்):
ஒப்பாததே சரி. ஐசிடி இன்டெக்ஸில் (அகரவரிசைப் பட்டியல்) ஹிமட்டோமாவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ட்ராமாட்டிக்' (காயத்தால் வந்தது) என்று இருக்கும். சார்ட்டில் காரணம் எதுவும் எழுதாவிட்டாலும் காயம் என்றே எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். உங்கள் சார்ட்டில்தான் காரணம் இருக்கிறதே! மென்திசு என்ற உட்பிரிவுக்கு இறங்குங்கள், எம் 79.81 வரும். காயமில்லாத தசை ஹிமட்டோமாவும் அதில்தான் அடக்கம். இருமலைக் காயமாக்குவது மருத்துவர் சொல்ல வேண்டியது, ஆடிட்டர் இல்லை.

பதில் (இரவு ஷிப்ட்):
எம் 79.81-ஓடு நின்றுவிடாதீர்கள். ரத்தக்கசிவு வார்ஃபரினால் வந்தது என்று மருத்துவர் எழுதியிருந்தால், ரத்த நோய் அத்தியாயத்தின் டி (D) 68.32-ஐயும், அதற்குப் பின்னால் மருந்தின் பக்கவிளைவுக்கான டி (T) 45.515ஏ-வையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவள்:
அப்படி எழுதவில்லை. "வார்ஃபரின் நிறுத்தம், வைட்டமின் கே" என்று மட்டும் இருக்கிறது. ஐஎன்ஆர் 5.8-ஐ வைத்து நாமே முடிவு செய்யக்கூடாதா?

பதில் (இரவு ஷிப்ட்):
கூடாது. மருத்துவருக்குக் கொயரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) போடுங்கள். "வார்ஃபரினால்தானே?" என்று வாயில் போட்டுக் கேட்காமல், ரத்தக்கசிவுக்குக் காரணம் என்ன என்று திறந்த கேள்வியாகவே கேளுங்கள். அப்புறம் மருந்துக் குறிப்பையும் ஒரு தடவை பாருங்கள். மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டிருந்தால்தான் பக்கவிளைவு. தவறுதலாக இரட்டை மாத்திரை போட்டிருந்தால் அது பாய்சனிங் (நச்சுப் பாதிப்பு), டி (T) 45.511ஏ முதலில் வரும், வரிசையே தலைகீழாகிவிடும்.

பதில் (பழைய கோடர்):
அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த ஹிமட்டோமாவுக்கு எம் 79.81 போடுகிறவர்களும் உண்டு. அறுவையின் சிக்கல் என்று மருத்துவர் எழுதியிருந்தால் அதற்குத் தனி கோடுகள் இருக்கின்றன. அடிபடாமல் மூளையுறைக்கு அடியில் வரும் சப்டியூரல் ரத்தக்கட்டு என்றால் ஐ 62.0 வரிசை.

கேள்வி கேட்டவள்:
கொயரி அனுப்பிவிட்டேன். மருந்துக் குறிப்பில் டோஸ் சரியாகத்தான் இருக்கிறது. ஆடிட்டருக்கு இன்டெக்ஸ் பக்கத்தையே படமெடுத்து அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் காணோம்.