‘பான்டிஃபிகேட்’ என்றால் பாராட்டா?

மலர்: எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். ஆங்கிலத்தில் பாராட்டு மடல் எழுதுகிறேன். ‘எந்தத் தலைப்பிலும் மணிக்கணக்கில் பான்டிஃபிகேட் செய்யக்கூடியவர்’ என்று ஒரு வரி. ஆணித்தரமாகப் பேசுபவர் என்ற பொருள் வருகிறதா பெரியப்பா?

பெரியப்பா: இன்னும் அனுப்பவில்லையே மலர்? முதலில் அந்த வரியை எடுத்துவிடு.

கதிர்: ஏன்? கருத்தை அடித்துச் சொல்வதுதானே?

பெரியப்பா: அது பாதிதான். மீதிப் பாதியில் வசவு இருக்கிறது. தான் சொல்வதே முடிந்த முடிவு, எதிரில் இருப்பவர் தலையாட்டினால் போதும் என்கிற தோரணையில் பேசுவதற்குத்தான் அந்தச் சொல். பேசுபவருக்கு விஷயம் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். தோரணைதான் கணக்கு.

அத்தை: அண்ணா, போப்பாண்டவரைப் பான்டிஃப் என்பார்களே, அதுவா இது?

பெரியப்பா: அதே வேர்தான். பண்டைய ரோமில் பான்டிஃபெக்ஸ் என்றால் உயர்நிலைப் பூசாரி. அவர்களுக்குத் தலைவர் பான்டிஃபெக்ஸ் மாக்சிமஸ். ஜூலியஸ் சீசர் கி.மு. 63இல் அந்தப் பதவிக்கு வந்தார். நாள்காட்டிகூட அந்தப் பூசாரிகள் பொறுப்பில்தான் இருந்தது. பின்னால் இந்தப் பெயர் கிறிஸ்தவ ஆயர்களுக்கும் போப்புக்கும் வந்தது. பீடத்தில் இருப்பவர் தீர்ப்புச் சொன்னால் அது அவர் பதவி. பீடமே இல்லாதவர் அதே குரலில் சொன்னால்? அந்த இடத்தில்தான் இந்த வினைச்சொல் குத்துகிறது.

கதிர்: வரலாற்றுப் புத்தகத்தில் இந்த போப்பின் பான்டிஃபிகேட், அந்த போப்பின் பான்டிஃபிகேட் என்று வருமே, அது திட்டு இல்லையே?

பெரியப்பா: இல்லை, அது பெயர்ச்சொல், பதவிக்காலம். கடைசி அசை ‘கிட்’ என்று ஒலிக்கும். வினைச்சொல்லில் ‘கேட்’ என்று நீளும். அப்புறம், வினைக்குப் பின்னால் ‘தட்’ போட்டு எழுதுவது வழக்கமில்லை. ‘அபௌட்’ அல்லது ‘ஆன்’ போடு.

அத்தை: தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது இதுதானே?

பெரியப்பா: அது இன்சிஸ்ட்டுக்குப் பக்கத்தில் வரும். அங்கே பிடிவாதம், இங்கே உபதேசம். பிடிவாதக்காரர் தன் முயலைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

மலர்: சரி, அசர்ட் போடலாமா?

பெரியப்பா: திட்டு இல்லை. ஆனால் ஆதாரம் காட்டாமல் அடித்துச் சொல்கிறார் என்ற நிழல் சில இடங்களில் விழும். வழக்காடும் எழுத்துக்குப் பொருந்தும், பாராட்டு மடலுக்கு விறைப்பு. ‘ஸ்பீக்ஸ் வித் கன்விக்‌ஷன்’ என்று எழுது. நம்பிப் பேசுகிறார் என்ற மரியாதை அதில் இருக்கிறது.

மலர்: ‘ஹி ஸ்போக் வித் கன்விக்‌ஷன் அண்ட் லிசன்ட் வித் பேஷன்ஸ்.’ இப்படி எழுதட்டுமா?

பெரியப்பா: நன்றாக இருக்கிறது. பொறுமையாகக் கேட்பார் என்பது உண்மைதானே?

மலர்: உண்மை பெரியப்பா. கூட்டத்தில் நான் மறுத்துப் பேசியபோதும் குறுக்கிடாமல் கேட்டார். ஒரு முறை தன் முடிவையே மாற்றிக்கொண்டார்.

பெரியப்பா: அடுத்த வரியாக அதையே எழுது. எழுதியதும் இங்கே போடு, பார்த்துத் தருகிறேன்.