முன்னோட்டத்தை நம்பிச் சீட்டு எடுத்தவருக்கு யார் பொறுப்பு?

வேலந்தாவளத்தான்:
2016இல் வெளிவந்த ‘ஃபேன்’ என்ற இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் இருந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு பார்வையாளர் வழக்குத் தொடுத்தார். அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று நுகர்வோர் ஆணையம் சொன்னதை, முன்னோட்டம் ஒப்பந்தம் ஆகாது என்று கூறி 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் அப்படியே இருக்கட்டும். தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர்ச் சுவரைப் பாருங்கள். ஒரே படத்தின் தமிழ்ச் சுவரொட்டியும் மலையாளச் சுவரொட்டியும் அடுத்தடுத்து ஒட்டப்பட்டிருக்கும். தமிழில் நடுநாயகமாக நிற்பவர் மலையாளத்தில் ஓரத்துக்குப் போய்விடுவார், அங்கே பெரிதாக இருப்பவர் இங்கே கடுகளவாகிவிடுவார். உள்ளே ஓடுவது ஒரே படம்தான் என்னும்போது இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருக்க வேண்டும் அல்லவா?

கொல்லங்கோட்டு ரசிகன்:
பொய் என்பது பெரிய சொல், ஐயா. 2023இல் வந்த ‘ஜெயிலர்’ படத்தில் மோகன்லாலும் சிவராஜ்குமாரும் சில காட்சிகளில்தான் வந்தார்கள். அதற்காகச் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டவர் யாரையும் நான் பார்க்கவில்லை. எத்தனை நிமிடம் வந்தார் என்பதை விட, வந்த நேரத்தில் காட்சி மனத்தில் நின்றதா என்பதே ரசிகனின் கணக்கு. கதையை உள்ளபடி சொன்னால் ‘முழுப் படத்தையும் காட்டிவிட்டார்கள்’ என்று இதே நாம்தான் குறைபட்டுக்கொள்வோம். விமர்சனம் பார்த்துவிட்டுப் போவதை யாரும் தடுக்கவில்லை.

மீனாட்சிபுரம் கேன்டீன்காரர்:
அரங்கத்துக்குள் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும். வாரம் கூடக்கூடத்தான் அரங்க உரிமையாளரின் பங்கு உயரும். ஆகவே, ஆசை காட்டி முதல் மூன்று நாளில் கூட்டம் சேர்த்துத் திங்கட்கிழமை காலி இருக்கைகளைப் பார்க்கும் படத்தால் எங்களுக்கு லாபம் இல்லை. ஆனால் பாட்டு வரவில்லை, நடிகர் குறைவாக வந்தார் என்பதெல்லாம் சின்ன விஷயம். நகைச்சுவைப் படம்போல முன்னோட்டம் வெட்டி, உள்ளே கழுத்தறுக்கும் காட்சிகளை வைத்தால், குழந்தைகளோடு வந்த குடும்பம் இடைவேளையிலேயே எழுந்து போகிறது. 2023ஆம் ஆண்டுத் திரைப்படத் திருத்தச் சட்டம், பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்னும் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தும், விளம்பரத்தில் அந்த எண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அரங்கில் காட்டும் முன்னோட்டத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சான்று அதைப் பொதுவில் காட்டலாமா என்பதற்கானது, படத்துக்கும் அதற்கும் பொருத்தம் உண்டா என்பதற்கானது அல்ல.

வேலந்தாவளத்தான்:
கேன்டீன்காரர் சொன்னதை ஏற்கிறேன். ரசிகருக்குத்தான் பதில். ‘லியோ’ வெளியான 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு, கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கு. எல்லையிலுள்ள வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்கு வந்த கூட்டம் எந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு வந்தது? இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். படம் வெளியாகி 48 மணி நேரம் வரை காணொளி விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றத்துக்கு 2024இல் அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை பரிந்துரைத்தது. அதே ஆண்டு தமிழ்த் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது; இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. அந்த மூன்று நாளும் விற்பவன் மட்டுமே பேசுவான், வாங்குபவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றால், பேசுபவனுக்குப் பொறுப்பும் இருக்கத்தானே வேண்டும்?

கொல்லங்கோட்டு ரசிகன்:
விமர்சனத்தைத் தடுப்பதை நானும் எதிர்க்கிறேன். அந்த இடத்தில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் அதிகாலை 4 மணிக்கு வருபவர் படத்தை எடைபோட வருவதில்லை, கொண்டாட வருகிறார். அவரை ஏமாந்தவர் கணக்கில் சேர்க்காதீர்கள். வயது எண்ணைப் பெரிதாக அச்சிடச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எந்த நடிகர் எத்தனை நிமிடம் வருவார் என்று சுவரொட்டியில் எழுதச் சொன்னால் போடமாட்டேன்.

வேலந்தாவளத்தான்:
நிமிடக் கணக்கை நான் கேட்கவே இல்லை. ‘சிறப்புத் தோற்றம்’ என்ற இரண்டு சொற்களையும், மொழிமாற்றுப் படமானால் அதன் மூல மொழியையும் படிக்கக்கூடிய அளவில் போடுங்கள் என்கிறேன். தெலுங்குப் படத்தை நேரடித் தமிழ்ப் படம் என்று எண்ணி உள்ளே போய், உதடும் வசனமும் ஒட்டாமல் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தவர்கள் இந்தத் தாலுகாவில் நிறைய.

மீனாட்சிபுரம் கேன்டீன்காரர்:
அதை அச்சிட ஒரு வரி போதும். ஒட்டுவதற்கு நாங்கள் தயார். எழுதி அனுப்ப வேண்டியவர்கள்தான் அனுப்புவதில்லை.