சின்ன வீட்டில் தோட்டாக் கூடு கழுவுவதும் நிரப்புவதும்: அவரவர் அனுபவம்

ரீலோடிங், அதாவது சுட்டு முடித்த தோட்டாக் கூட்டில் புது ப்ரைமர், வெடிமருந்துப் பவுடர், குண்டு வைத்து மறுபடி நிரப்புவது என்றதும் எல்லோரும் பிரஸ் (கூட்டை அழுத்தும் நெம்புகோல் கருவி), டை (அதில் மாட்டும் அச்சு), தராசு என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். இரண்டு அறை வீட்டில் இருப்பவனுக்கு அதெல்லாம் பிற்பாடு. தூசி எங்கே போகிறது என்பதுதான் முதல் கேள்வி. உரிமம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் வீட்டில் நிரப்பவே கூடாது. அதை முடித்துக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடிதான் ப்ரைமர். வழக்கமான ப்ரைமரில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. கூடவே பேரியம் நைட்ரேட், ஆண்டிமனி சல்ஃபைடு. சுட்ட பிறகு கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் கரியில் அந்த ஈயம் இருக்கும். அதைச் சோளத்தண்டுத் துருவலிலோ வால்நட் ஓட்டுத் தூளிலோ போட்டு மெஷினில் உருட்டினால், ஈயம் அந்தத் தூளுக்கு மாறுகிறது. மெஷின் மூடியிருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. ஓடி முடிந்ததும் கூடுகளையும் தூளையும் பிரிக்கச் சல்லடையில் கொட்டுவோமே, அப்போதுதான் புகைபோல் எழும்பும். தனி ஷெட் இருப்பவர் வெளியே போய்ச் சலிக்கலாம். என்னிடம் இருப்பது படுக்கையறையை ஒட்டிய ஒரு பால்கனி. அதனால் உலர்முறையை விட்டுவிட்டு ஈரமுறைக்கு வந்துவிட்டேன்.

முதலில் பழைய ப்ரைமரைத் தள்ளி எடுக்க வேண்டும். இதற்கு யுனிவர்சல் டை என்று தனியாக உண்டு. அது கூட்டின் சுவரைத் தொடாது, ஊசி மட்டும் உள்ளே இறங்கும். சுட்டதில் விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்துவது சைஸிங் டை. அழுக்கோடு இருக்கும் கூட்டை நேராக அதில் ஏற்றினால் மண்துகள் டையைக் கீறிவிடும். நான் வைத்திருக்கும் பிரஸ்ஸில், விழும் ப்ரைமர் ஒரு குழாய் வழியாகக் கீழே கட்டிய பாட்டிலுக்குப் போய்விடுகிறது. சின்ன வீட்டுக்கு பிரஸ் வாங்கப் போகிறவர்கள் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மொத்தத்தில் அதிகம் கரி கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான்.

அப்புறம் டிரம்மில் கூடுகள், தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு ஊசிகள். ப்ரைமர் குழிகூடப் பளிச்சென்று வரும். அமிலத்தை அள்ளிப் போட்டால் பித்தளை இளஞ்சிவப்பாக மாறும். தோட்டாக் கூட்டுப் பித்தளையில் ஏறக்குறைய 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அமிலம் கூடினால் மேற்பரப்பில் துத்தநாகம் போய்ச் செம்பு எட்டிப் பார்க்கும். லேசாக இருந்தால் ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் அசிங்கம். ஊசிகளைத்தான் கவனிக்க வேண்டும்; ப்ரைமரின் தீ பவுடருக்குப் போகும் தீப்பொறித் துளையில் இரண்டு சேர்ந்து சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் நான் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

உலர்த்துவதற்குத் துண்டும் காற்றாடியும் போதும், ஒரு நாள் விட்டுவிடுங்கள். சமையலறை அவனில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சோறு வேகிற இடத்தில் ஈயம் பட்ட பொருள் எதற்கு? அதோடு சூடு அதிகமானாலும் ஆபத்து. 250 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால் பித்தளையின் கடினம் இறங்க ஆரம்பிக்கும். கூட்டின் கழுத்து மென்மையாவது நல்லதுதான், அதற்கென்றே கழுத்தை மட்டும் சூடாக்கி அனீலிங் செய்கிறோம். அடிப்பாகம் மென்மையானால் மொத்த அழுத்தத்தையும் அது தாங்காது. அந்தக் கூட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பதில்

எல்லாம் சரி நண்பரே, ஆனால் இவ்வளவு பளபளப்பு எதற்கு? கூடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டே காரணம்: டை கீறக் கூடாது, விரிசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணாடிபோல் மின்னினால் குறி ஒன்றும் கூடுவதில்லை.

நான் மூன்றாவது மாடி. அதிரும் வகை மெஷினை மணிக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பெரியவர் ஏறி வந்து, "தம்பி, உங்க வாஷிங் மெஷின்ல ஏதோ கழண்டுபோச்சு போல, மெக்கானிக் நம்பர் தரட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். அவரிடம் என்னவென்று விளக்குவது! அதோடு மெஷினை ஏறக்கட்டிவிட்டேன். இப்போது அகல வாய் ஜாடியில் வெந்நீர், சோப்பு, துளி சிட்ரிக் அமிலம், கையால் குலுக்கல். பத்து நிமிடம் ஆகும். நிறம் மங்கல்தான். ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், யாரும் என் கூட்டை எடுத்து முகம் பார்க்கப் போவதில்லை.

மினுக்குவதில் போகும் நேரத்தை நான் சோதிப்பதில் செலவிடுகிறேன். ரைபிள் கூடுகளுக்குள் வளைத்த பேப்பர் கிளிப்பை விட்டு, அடியிலிருந்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு பள்ளம் தட்டுப்பட்டால், அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ அங்கேதான் துண்டாகும். வெளியே அதே இடத்தில் மினுக்கமான வளையம் தெரிந்தாலும் அப்படியே. எவ்வளவு உருட்டித் தேய்த்தாலும் இது மாறாது. சொல்லப்போனால் அதிகம் தேய்த்தால் அந்த வளையமே கண்ணுக்கு மறைந்துவிடும்.

பதில்

இந்த வேலை செய்வது என் கணவர். வீட்டைப் பெருக்குவது நான். அதனால் நானும் சொல்கிறேன்.

ஈயம் என்றால் பெரியவர்களுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் அது முதலில் போகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், குழந்தைகளின் ரத்தத்தில் கவனிக்க வேண்டிய ஈய அளவை 2021இல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. பாதுகாப்பான அளவு என்று எதையுமே அவர்கள் சொல்வதில்லை. எங்கள் மகன் தவழ ஆரம்பித்தபோது டாக்டரிடம் கேட்டுப் பரிசோதனை எடுத்தோம். கவலைப்படும்படி இல்லை. ஆனாலும் அன்றே சில விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிட்டேன்.

கம்பளம் இருக்கும் அறையில் பிரஸ் வரக் கூடாது. விளக்குமாறும் கூடாது, தூசியைக் கிளப்பிவிடும், ஈரத்துணிதான். சாதாரண வாக்யூம் க்ளீனர் மெல்லிய தூசியைப் பின்பக்கமாக மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். கீழே சிதறிய ப்ரைமரை அது இழுத்தால் உள்ளே வெடிக்கவும் செய்யும். எனவே ப்ரைமர் விழுந்தால் மண்டியிட்டுக் கையால்தான் பொறுக்க வேண்டும், அவர்தான் பொறுக்க வேண்டும். ரேஞ்சுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை எங்கள் துணிகளோடு சேராது. கறுத்த கழுவுநீர் சமையலறைத் தொட்டிக்கு வராது. வேலை முடியும் வரை அந்த மேசையில் டீ கிடையாது. இதில் மட்டும் இன்றுவரை சண்டைதான்.

பதில்

கழுவுவது பற்றி இன்னொன்று. தெரிந்தவர் ஒருவர் ஒரு பெட்டி நிறைய ரைபிள் கூடுகளை எனக்குச் சும்மா கொடுத்தார். ஒரு முறை சுட்டவை, பார்க்கப் புதுசு மாதிரி இருந்தன. பாதிக்கு மேல் கழுத்தில் மயிரிழை விரிசல். சைஸிங் டையில் ஏற்றுவதற்கு முன்பே இருந்த விரிசல் அது. விசாரித்ததில், பெட்டி நெடுநாள் கோழிக்கொட்டகையில் கிடந்திருக்கிறது. கோழி எச்சத்திலிருந்து அம்மோனியா வரும். உள்ளே இழுவிசை தங்கியிருக்கும் பித்தளையை அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து பிளந்துவிடும்.

இது புதிய சங்கதி இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தபோது, மழைக்காலத்தில் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குறிப்பிட்ட பருவத்தில் வந்ததால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் 1921இல்தான் விளக்கினார்கள்.

ஆகவே பித்தளை பாலிஷ் என்று கடையில் இருப்பதையெல்லாம் கூட்டில் தடவாதீர்கள். பலவற்றில் அம்மோனியா உண்டு. கண்ணாடி துடைக்கும் திரவத்திலும் இருக்கலாம். லேபிளைப் படியுங்கள். குளியலறை அலமாரியில் கூடுகளையும் க்ளீனிங் பாட்டில்களையும் ஒன்றாக அடைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பதில்

முதலில் எழுதிய அண்ணாவுக்கு: நிரப்பும்போது சின்ன வீட்டில் என்ன தொல்லை? பிரஸ்ஸை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? இன்னொரு சந்தேகம். நான் பொறுக்கி வந்த கூடுகளில் சிலவற்றில் ப்ரைமர் கழலவே மாட்டேன் என்கிறது. ஊசி எதிலோ முட்டுகிறது.

பதில்

தம்பி, தடித்த பலகையில் பிரஸ்ஸை போல்ட் போட்டு, பலகையைக் கிளாம்ப் வைத்து மேசையோடு கடிக்க விட்டிருக்கிறேன். முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம்.

தொல்லை என்றால் குறுக்கீடுதான். பவுடர் போடும் நேரத்தில் காலிங் பெல் அடிக்கும், யாராவது கூப்பிடுவார்கள். திரும்பி வந்து உட்காரும்போது எந்தக் கூடு வரை போட்டோம் என்று மனசு சொல்வதை நான் நம்புவதில்லை. தட்டில் உள்ள அத்தனையையும் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சின்னக் கைத்துப்பாக்கிக் கூட்டில் இரண்டு மடங்கு பவுடர் விழுந்தால்கூட வெளியே வழியாது, அதுதான் பயம். குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து எல்லாக் கூட்டிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேசையில் ஒரே ஒரு பவுடர் டின். மீதியை அன்றே அதன் டின்னுக்குள் திருப்பிவிட வேண்டும். பவுடரை அளந்து ஊற்றும் அளவைக் குழாயில் விட்டால் மறுநாள் அது எந்தப் பவுடர் என்பதற்குச் சாட்சி இல்லை. பவுடர் சிலது அந்தப் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். தராசு இருக்கும்போது காற்றாடியை நிறுத்துங்கள். பவுடரை நிறுக்கும் அலகான ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம்தான், லேசான காற்றுக்கே எண் ஆடும்.

உங்கள் கூடு பெர்டான் வகையாக இருக்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர், நம் டை அதற்கானது. ஓரமாக இரண்டு சின்னத் துளை தெரிந்தால் பெர்டான். வீட்டில் அதோடு மல்லுக்கட்டினால் ஊசிதான் உடையும். தனியாக எடுத்துப் பழைய பித்தளைக்குப் போட்டுவிடுங்கள். காந்தம் ஒட்டினால் அது பித்தளையே இல்லை, எஃகு. போடுவதற்கு முன் சுடாத ப்ரைமர் எதிலும் இல்லையே என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள், ஊசி குத்திய தடம் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்.