என்எஃப்எஸ் மவுண்ட்ல புது ஃபைல் லேட்டா தெரியுது, ஆராவது உதவுங்கோ

வணக்கம் அண்ணாமார், திருகோணமலை உவர்மலைல எங்கட சின்ன ஸ்டூடியோ, ஒரு சேர்வர், ரெண்டு லினக்ஸ் மெஷின், சேர்வர் ஃபோல்டர நெட்வேர்க்கால ரெண்டு மெஷினுக்கும் குடுக்கிற என்எஃப்எஸ்லதான் கலியாண அல்பம் வேல ஓடுது. தம்பி முன் மெஷின்ல படத்த சேவ் பண்ணினா என்ர மெஷின்ல ஒரு நிமிசத்துக்குக் கிட்ட ஒண்டும் தெரியாது, "அண்ணா போட்டுட்டன் பாருங்கோ" எண்டு கத்துவான், நான் எஃப்5 தட்டிக்கொண்டு இருப்பன்.

ஃபோல்டர் விவரத்த மெஷின் தன்ர கேஷ்ல வச்சிருக்கிற நேரம் டிஃபோல்ட்ல குறைஞ்சது (ஏசிடிர்மின்) 30, கூடினது (ஏசிடிர்மேக்ஸ்) 60 செக்கன் எண்டு மேன் பேஜ்ல கிடக்கு, அதுதான் காரணம் போல. அந்தக் கேஷ நிப்பாட்டுற நோஏசி ஒப்ஷன போட்டன், உடன தெரிஞ்சுது, ஆனா எழுதுறதெல்லாம் சிங்க் ஆகி, அதாவது சேர்வர்ல ஏறும்வரைக்கும் காத்திருந்து, படம் நிறைஞ்ச ஃபோல்டர் ஆமை மாதிரி, கழட்டிட்டன்.

ஏசிடைமியோ 3 எண்டு போட்டா ஃபைலுக்கும் டிரெக்டரிக்கும் (ஃபோல்டருக்கும்) உள்ள மின், மேக்ஸ் நாலு வேல்யூவும் சேந்து மாறுமே, டிரெக்டரிக்கு மட்டும் குறைச்சா காணுமோ? ஃபைல் பேர் தேடினத ஞாபகம் வச்சிருக்கிற லுக்அப்கேஷயும் தொடவேணுமோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ, ஞாயிறு ஒரு கலியாணம் இருக்கு.